மேப்பிளா, மஹோகனியா, கஜாவில் விழுந்த பலாவா: எலெக்ட்ரிக் கிடார் நெக்கும் ஒலியும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய எலெக்ட்ரிக் கிடாரின் நெக், அதாவது இடதுகை பிடிக்கும் நீண்ட கழுத்து, மேப்பிள் மரம். ஒலி காதைக் கீறுகிறது. மஹோகனி நெக்கும், அதன் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃபிரெட்போர்டை ரோஸ்வுட்டிலும் போட்டால் ஒலி கனிந்துவிடும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில், 2018 கஜா புயலில் மாமாவின் கொல்லையில் விழுந்த பலாவின் கட்டை கொட்டகையில் சும்மா கிடக்கிறது. அதைத் தஞ்சாவூர் வீணை ஆசாரி யாரிடமாவது கொடுத்து நெக் செய்துகொள்ளலாமா, வீணைக்கு வருகிற நாதம் கிடாருக்கும் வருமா என்கிறார். இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நெக்கின் மரம் ஒலியைப் பாதிக்குமா என்பது ஒன்று. நெக்கை மாற்றினால் என் கிடாரின் கீறல் போகுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் பதில், ஆமாம், கொஞ்சம், அதுவும் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில். இரண்டாவதற்குப் பெரும்பாலும் போகாது.

நான் வளர்ந்தது தஞ்சாவூரில் அப்பா வேலை பார்த்த வீணைப் பட்டறையில். கடந்த 22 வருஷமாகக் கும்பகோணத்தில் கிடார் பழுது பார்க்கிறேன். சர்ச் பாடகர் குழுக்கள், மெல்லிசைக் குழுக்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று வருகிறவர்களின் கிடார்கள் முக்கால்வாசி போல்ட் போட்டு நெக்கைப் பிணைத்தவை. பாடியோடு ஒரே கட்டையாக ஓடும் நெக் கொண்டவை என் கைக்கு அபூர்வமாகவே வந்திருக்கின்றன. அதனால் நான் சொல்வதை உங்களுடையதைப் போன்ற போல்ட் நெக் கிடாருக்கான பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீணையில் தந்தியின் அதிர்வு, தந்தியைத் தாங்கும் குதிரை (கிடாரில் பிரிட்ஜ்) வழியாகக் குடத்துக்கு இறங்குகிறது, குடத்தின் பலகை காற்றை அசைக்கிறது, அந்தக் காற்றைத்தான் நாம் கேட்கிறோம். அங்கே மரம்தான் குரல். குடம், தண்டி எல்லாம் ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும், தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணைக்கும் நாதத்தில் வித்தியாசம் பேசுகிறார்கள் என்றால் அந்தப் பேச்சுக்கு அடிப்படை உண்டு. எலெக்ட்ரிக் கிடாரில் காதாக இருப்பது பிக்கப். காந்தத்தின் மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் அது. இரும்புத் தந்தி அதன் முன்னால் அசையும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் எழுகிறது. பலகை எவ்வளவு அழகாக முழங்கினாலும் பிக்கப்புக்கு அது ஏறக்குறைய கேட்காது. தந்தி எப்படி அசைகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே மரம் ஒலிக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது. தந்தியின் அசைவை அது மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றும்? தந்தியின் ஒரு முனை பிரிட்ஜில், மறுமுனை நீங்கள் அழுத்தும் ஃபிரெட்டில், அதாவது ஃபிரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில். பிரிட்ஜ் இருக்கும் பாடி கனமான கட்டை, அவ்வளவு எளிதில் அசையாது. நெக் அப்படியில்லை. இரண்டு விரல்கடைக்கும் குறைவான தடிமனில், ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு அது. அதற்கென்று சில அதிர்வெண்கள் உண்டு. நீங்கள் வாசிக்கும் ஸ்வரம் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால் நெக்கும் கூடவே ஆடத் தொடங்கும், ஆடுவதற்கான சக்தியைத் தந்தியிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்த ஸ்வரம் சீக்கிரம் செத்துவிடும். வாசிப்பவர்கள் இதை டெட் ஸ்பாட் என்பார்கள். ஜெர்மனியில் ஹெல்முட் ஃபிளைஷர், டில்மன் ஸ்விக்கர் இருவரும் 1990-களின் இறுதியில் இதை அளந்து காட்டினார்கள். எந்த ஃபிரெட்டில் நெக் எளிதாக அசைகிறதோ அங்கே ஸ்வரம் விரைவில் தேய்கிறது. பாரிஸில் அர்தூர் பாத்தே குழுவினர் 2014-ல், நெக்கின் அசைவை அளந்தே ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணிக்கலாம் எனக் காட்டினார்கள். இவ்வளவும் நிச்சயமாகச் சொல்லக்கூடியது. நெக்கின் மரம் ஒலியைத் தொடுவது முதன்மையாக இந்த வழியில்தான்: எல்லா ஸ்வரங்களையும் ஒரே மாதிரி இனிமையாக்குவதோ கூர்மையாக்குவதோ அதன் வேலை அல்ல, சில குறிப்பிட்ட ஸ்வரங்களின் ஆயுளைக் குறைப்பதே அதன் வேலை.

உங்கள் கிடாரிலேயே இதைப் பார்க்கலாம். மூன்றாவது தந்தியில், அதாவது ஜி தந்தியில், 3-வது ஃபிரெட்டிலிருந்து 9 வரை ஒவ்வொன்றாக ஒரே விசையில் மீட்டி, ஒலி அடங்கும்வரை காத்திருங்கள். போல்ட் நெக் கிடார்களில் பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் நடுவில் எங்கோ ஒரு ஸ்வரம் பக்கத்து ஸ்வரங்களைவிட முன்னதாகவே படுத்துவிடும். இப்போது நெக்கின் நுனியில் தந்தி முறுக்கும் சாவிகள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கில் ஒரு துணியைச் சுற்றி, தச்சர்கள் பலகையைப் பிடிக்க வைத்திருக்கும் சின்ன கிளாம்ப் ஒன்றை மாட்டுங்கள். மறுபடி மீட்டுங்கள். செத்த இடம் ஓரிரண்டு ஃபிரெட் ஹெட்ஸ்டாக் பக்கமாக நகர்ந்திருக்கும். எடை கூடியதும் நெக்கின் அதிர்வெண் குறைந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சர்ச் கிடார் வந்தது. ஒரு குறிப்பிட்ட பாட்டில் ஒரே ஒரு ஸ்வரம் நிற்கவே மாட்டேன் என்கிறது, மரம் மோசம், நெக்கை மாற்றிவிடுங்கள் என்றார்கள். அந்தக் கிளாம்பின் எடைக்குச் சமமான பித்தளைத் துண்டு ஒன்றை ஹெட்ஸ்டாக்கின் பின்னால் பொருத்திக் கொடுத்தேன். செத்த இடம் அவர்கள் அதிகம் வாசிக்காத ஸ்வரத்துக்குப் போய்விட்டது. அந்தக் கிடார் இன்றும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசிக்கப்படுகிறது, அதே நெக்கோடு.

சரி, மேப்பிளுக்கும் மஹோகனிக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. கடின மேப்பிள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 700 கிலோ, மஹோகனி சுமார் 590. வளைவதை எதிர்க்கும் திறனிலும் மேப்பிள் மேலே, ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். ஆனால் இந்த எண்கள் எல்லாம் சராசரி. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளே இழைப்புளிக்குக் கீழே வேறு வேறாக நடந்துகொள்வதைத் தச்சுவேலை பார்த்த யாரும் சொல்வார்கள். வைரம் பாய்ந்த மஹோகனித் துண்டு ஒன்று சோனியான மேப்பிள் துண்டைவிட விறைப்பாக இருக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் தடிமன். ஒரு கட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 20 மி.மீ. நெக்கை 22 மி.மீ. ஆக்கினால், வெறும் 2 மி.மீ.தான், விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மரத்தை மாற்றிக் கிடைப்பதைவிட இது அதிகம். கடையில் யாரும் ‘இந்த நெக் எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை, எல்லோரும் மரத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம். அந்தப் பெயருக்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காசு சேர்க்கிறார்கள்.

இந்த மரங்கள் கிடாருக்குள் வந்த கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கிடார் கம்பெனி 1950-களில் மேப்பிளில் ஒரே துண்டாக நெக் செய்தது. கனமான மரம், அமெரிக்காவில் தாராளமாகக் கிடைத்தது, தனியாக ஃபிரெட்போர்டு ஒட்டும் வேலையும் மிச்சம். 1958-ல் அதன் ஜாஸ்மாஸ்டர் மாடலில் ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு வந்தது, அடுத்த வருஷம் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் மாடல்களுக்கும் பரவியது. அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம், மேப்பிள் மேல் பூசிய லேக்கர் தேய்ந்து விரல் அழுக்கு தெரிந்தது என்பது. இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கிப்சன் தன் லெஸ் பால் மாடலுக்கு 1952 முதல் மஹோகனி நெக் போட்டு வந்தது. 1970-களின் நடுவில் உறுதிக்காக மேப்பிளுக்கு மாறி, 1980-களின் தொடக்கத்தில் மறுபடி மஹோகனிக்குத் திரும்பியது. 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் இனங்கள் எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியபோது, ஃபெண்டர் தன் மெக்சிகோ கிடார்களில் பாவ் ஃபெர்ரோ என்ற வேறு மரத்துக்குப் போனது. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. கிடைப்பது, உறுதி, தோற்றம், சட்டம் என்று மரம் மாறிய காரணங்கள் இவை. பிறகுதான் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம் ஒட்டிக்கொண்டது: மேப்பிள் கூர்மை, ரோஸ்வுட் கனிவு, மஹோகனி ஆழம். ஃபெண்டரையும் கிப்சனையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு ஒலி வேறாகக் கேட்பது உண்மைதான். ஆனால் அங்கே நெக் மரம் மட்டுமா வேறு? ஃபெண்டரின் தந்தி நீளம் 648 மி.மீ., கிப்சனுடையது 628. அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்ற ஃபெண்டரில் 6 சதவீதம் கூடுதல் இழுவிசை வேண்டும். ஒன்றில் ஒற்றைச் சுருள் பிக்கப், மற்றதில் இரட்டைச் சுருள். பிரிட்ஜ் வேறு, பாடி வேறு. இத்தனையும் சேர்ந்து செய்ததை நெக்கின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

நம் ஊரிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள், இடித்த பழைய வீடுகளில் கிடைக்கும் ஆச்சா மரத்தைத்தான் தேடுவார்கள். பல தலைமுறை காய்ந்த மரம் வெடிக்காது, உள்துளை கோணாது. அந்தத் தேர்வை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் நாகஸ்வரத்தின் குரலைப் பெரிதாக மாற்றிய நிகழ்வு எது என்று கேட்டால், நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தைச் செய்ததைத்தான் சொல்வார்கள். அங்கே மரம் மாறவில்லை, நீளமும் துளைகளின் கணக்கும் மாறின.

சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். ஸ்வரம் நிற்கும் நேரம் தவிர, ஒலியின் நிறத்தையே நெக் மரம் மாற்றுகிறதா? அளவுக் கருவி சில வித்தியாசங்களைக் காட்டலாம். காதுக்குக் கேட்குமா என்பதில்தான் சண்டை. ஒருமுறை ஒரே பாடியில் மேப்பிள் ஃபிரெட்போர்டு நெக் ஒன்றையும் ஈட்டி மர ஃபிரெட்போர்டு நெக் ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டேன். இப்போது கிடாரில் ரோஸ்வுட் என்று சொல்வது பெரும்பாலும் நம்ம ஊர் ஈட்டியைத்தான். புதுத் தந்தி, ஒரே உயரம், ஒரே ஆம்ப்ளிஃபயர். பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல் கலைத்துப் போடச் சொல்லி அக்கா பையனிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டபோது என்னால் நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாசிக்கும்போது மட்டும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது, ஏனென்றால் லேக்கர் பூசிய மேப்பிளில் விரல் வழுக்குகிறது, ஈட்டியில் வழுக்கவில்லை. விரலுக்குத் தெரிவதை மூளை காதின் பெயரில் எழுதிக்கொள்கிறது என்பது என் எண்ணம். ஒருவன் ஓர் அறையில் செய்த சோதனை இது, இதை வைத்து யாருடைய வாயையும் அடைக்க நான் நினைக்கவில்லை. நல்ல காது உள்ள சிலர் வித்தியாசம் கேட்கிறது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அது இருந்தாலும், தந்தி பழசாவதால் வரும் மாற்றத்தைவிடச் சிறியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேதாரண்யம், நாகை உப்புக்காற்றில் தந்தி இரண்டே வாரத்தில் மங்கிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

டெல்டாவில் நெக் மரத்தைப் பற்றிக் கவலைப்பட உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. ஈரம். சித்திரை வெயிலில் சுருங்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பி, வருஷாவருஷம் மரம் மூச்சு விடுகிறது. 10-46 எனப்படும் (அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு முதல் 46 பங்கு வரை தடிமனுள்ள) தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ விசையோடு நெக்கை முன்னால் இழுக்கின்றன. நெக்கின் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி அதை எதிர்த்துப் பிடிக்கிறது. 7-வது ஃபிரெட்டில் தந்திக்குக் கீழே 0.2 அல்லது 0.3 மி.மீ. குழிவு இருந்தால் போதும். மழைக்காலத்தில் இது மாறிவிட்டால் தந்தி ஃபிரெட்டில் உரசும், கரகரக்கும், ஸ்வரம் சீக்கிரம் அடங்கும். உடனே மரம் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் பட்டறைக்கு ‘ஒலி சரியில்லை’ என்று கார்த்திகையில் வரும் கிடார்களில் பெரும்பாலானவை ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பியதும் சரியாகிவிடுகின்றன. அதனால் நெக் வாங்கும்போது நான் பார்ப்பது, ரேகை நெக்கின் நீளத்துக்கு நேராக ஓடுகிறதா, கணு இருக்கிறதா, ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா. சூளையில் வறுத்துப் பதப்படுத்திய மேப்பிள் கிடைத்தால் நம்ம ஊர் ஈரத்துக்கு நல்லது, அது தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

அப்புறம் உங்கள் பலாக்கட்டை. வீணை, மிருதங்கம், தவில் மூன்றுக்கும் நம் பக்கத்தில் பலாதான், அதனால் மனசு அங்கே போவது இயல்பு. பலாவில் நெக் செய்யலாம். ஆனால் வீணையின் நாதம் கூட வராது, அது குடத்தின் வேலை. பலா மேப்பிளைவிட இலேசு, மென்மை. வீணையின் தண்டி கைக்கு அடங்காத பருமன் என்பதால் அதற்குப் போதும். கிடார் நெக்கின் தடிமனுக்குத் தனியாகத் துணை வேண்டும். கட்டை உருட்டாகவே இத்தனை வருஷம் கிடந்திருந்தால் முதலில் நடுவில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்து வெள்ளைப் பகுதி உளுத்திருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள். மஞ்சள் வைரப்பகுதி மட்டும் தேறும். அதை மூன்று பட்டையாக அறுத்து, நடுப்பட்டையைத் தலைமாற்றிப் போட்டு ஒட்டினால் ஒன்று முறுக்கினாலும் மற்றது விடாது. ட்ரஸ் ராடுக்கு இரு பக்கமும் கார்பன் ஃபைபர் பட்டை ஒவ்வொன்று பதிக்க வேண்டும். ஃபிரெட்போர்டை மட்டும் ஈட்டியில் போடுங்கள், பலா சீக்கிரம் தேயும்.

வீணை ஆசாரியின் கை நெக்கின் வடிவத்தை அற்புதமாகக் கொண்டுவரும், அதில் சந்தேகமே வேண்டாம். ஃபிரெட் பள்ளம் அறுப்பது மட்டும் வேறு வித்தை. வீணையில் மெழுகின் மேல் மெட்டுகளை, அதாவது வீணையின் ஃபிரெட்டுகளை, காதால் கேட்டு நகர்த்திப் பதிக்கிறார்கள், இதுதான் மேளம் கட்டுவது, பிசகினால் மெழுகை இளக்கித் திருத்தலாம். கிடாரில் மீதியுள்ள தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்து இடம் குறிக்க வேண்டும். 648 மி.மீ. அளவில் முதல் ஃபிரெட், நெக்கின் நுனியில் தந்தியைத் தாங்கும் துண்டான நட்டிலிருந்து 36.4 மி.மீ. ஒரு பள்ளம் அரை மில்லிமீட்டர் தவறினாலும் அந்த ஸ்வரம் கடைசிவரை சுருதி சேராது. அதனால் பள்ளம் வெட்டிய ஃபிரெட்போர்டைத் தயாராக வாங்கி அவரிடம் கொடுப்பது நல்லது.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் கீறலைச் சரிசெய்வோம். பிக்கப்பைத் தந்தியிலிருந்து ஒரு மி.மீ. இறக்குங்கள். மெல்லிய பிக்கை (தந்தி மீட்டும் வில்லையை) விட்டுத் தடித்த பிக்கால் வாசித்துப் பாருங்கள். பின்பக்க மூடியைக் கழற்றி வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 500 கிலோ ஓம் போட்டிருந்தால் கூர்மை தூக்கலாகத்தான் இருக்கும், 250 போட்டால் தணியும். சில நூறு ரூபாய் வேலை, உங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக்கே செய்துவிடுவார். ஆம்ப் எது, எந்தப் பிக்கப்பில் வாசிக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. கிளாம்ப் சோதனையைச் செய்து, ஜி தந்தியில் எந்த ஃபிரெட்டில் ஸ்வரம் படுக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலாக்கட்டையின் இரண்டு முனையிலும் இப்போதைக்கு மெழுகு காய்ச்சித் தடவி வையுங்கள், இனிமேலாவது வெடிக்காமல் இருக்கட்டும்.